ஏதோ கொஞ்சம் கெடக்கு

1

அப்பாவுக்கு விசா மறுத்துவிட்டார்கள். போன வாரம் செவ்வாய்க்கிழமை, ஆய்வுக்கூடத்தில் தண்ணீர்ப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது கடிதம் செல்பேசியில் வந்து விழுந்தது. ஊர் ஊராகப் பிடித்து வரும் குழாய்த் தண்ணீரைச் சோதித்துக் குடிக்கலாமா கூடாதா என்று சொல்வதுதான் என் வேலை. அன்றைக்கு மூன்று புட்டிகளுக்குச் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன்.

எந்த நாடு என்று எழுதப்போவதில்லை. இரண்டாம் தடவை போடவேண்டிய விண்ணப்பம் இன்னும் என் மேசையில் கிடக்கிறது, நமக்கெதற்கு வம்பு. குளிர் நாடு, நான் வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது, அது போதும்.

கடிதத்தில் இருந்த முக்கியமான வரி இது: ‘தங்கும் காலம் முடிந்ததும் நீங்கள் உங்கள் நாட்டுக்குத் திரும்பிச் செல்வீர்கள் என்பதில் எங்களுக்குத் திருப்தி ஏற்படவில்லை.’

யாரை? எங்கப்பாவை! மன்னவனூரிலிருந்து கொடைக்கானலுக்கு ஒரு வேலையாகப் போனால்கூடப் பொழுது சாயுமுன் பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்துவிடுகிற மனுஷனை. மதுரையில் கண் ஆபரேஷன் முடிந்த மறுநாளே, “மாடு தேடும்டா, வெரசாக் கெளம்பணும்” என்று ஒரு கண்ணில் கட்டோடு மலையேறியவரை. அவர் இந்த ஊரில் ஒளிந்துகொள்வாராம்! இங்கே பனியில் என்னத்தைப் பிடுங்க? எனக்கு வந்த கடுப்பில் செல்பேசியைச் சுவரில் அடித்திருப்பேன். மேலதிகாரி எதிரே நின்றிருந்ததால் சிரித்து வைத்தேன்.

என் மகள் இனியா வருகிற ஜூனில் பள்ளிப்படிப்பை முடிக்கிறாள். அன்றைக்குக் கறுப்பு அங்கி மாட்டி, பெயர் கூப்பிட்டு, மேடையேற்றி ஒரு விழா நடத்துவார்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று இருக்கைதான். அப்பா, அம்மா என்று எழுதிவிட்டு மூன்றாவது கட்டத்தில் யாரையும் கேட்காமல் தாத்தா பெயரை எழுதிக் கொடுத்திருந்தாள். போனில் அவளே கூப்பிட்டாள். “வர்றேன் தாயி” என்று அவரும் சொல்லிவிட்டார். இலையுதிர் காலத்தில் அவள் வேறு ஊருக்குக் கல்லூரிக்குப் போய்விடுவாள். அப்பாவுக்கு எழுபத்து மூன்று. இவர்கள் இரண்டு பேரும் என் வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட இதைவிட்டால் வேறு சமயம் வாய்க்காது.

2

தப்பு என்னுடையது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அழைப்புக் கடிதம், வேலைச் சான்று எல்லாம் இங்கிருந்து நான் அனுப்பினேன். ஆனால் விண்ணப்பதாரர் தன்னைப் பற்றித் தன் சொந்த வார்த்தையில் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எங்கப்பாவுக்குச் சொந்த வார்த்தைதான் ஆபத்து என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மலைக்குக் கீழே கன்னிவாடியில் கட்டிக்கொடுத்திருக்கும் என் தங்கை செல்வி கூடப் போயிருக்க வேண்டியது. அவள் மாமியாருக்குக் காய்ச்சல். அப்பா வெள்ளனே எழுந்து, வெளுத்த வேட்டி கட்டி, மஞ்சள் பையில் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு தனியாகக் கொடைக்கானலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்த பெண் நல்ல பெண். கேள்வியைத் தமிழில் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் தட்டியிருக்கிறாள். அங்கே நடந்த பேச்சை அப்பாவே எனக்குப் போனில் ஒப்பித்தார். அதில் தப்பிருப்பதாக அவருக்கு இன்னும் தோன்றவில்லை.

“ஐயா, நிலம் எவ்வளவுங்க இருக்கு?”

“ஏதோ கொஞ்சம் கெடக்குத் தாயி.”

“வருமானம்?”

“என்னத்த வருமானம். கஞ்சிக்கு ஆகுது.”

“வீடு சொந்த வீடுங்களா?”

“ஓட்டு வீடு. மழைன்னா ஒழுகும்.”

“இங்க உங்களுக்கு யாருங்க இருக்கா?”

“யாரு இருக்கா? பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா. மக குடுத்த எடத்துல இருக்கா. எனக்கு எல்லாமே எம்மகந்தான்.”

இதைப் படித்த அதிகாரியின் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சொல்லிக்கொள்கிற மாதிரி நிலமில்லை, வருமானமில்லை, வீடு ஒழுகுகிறது, மனைவி இல்லை, உலகத்தில் இருக்கிற ஒரே ஆள் இந்த நாட்டில் இருக்கிறான். நானாக இருந்தாலும் மறுத்திருப்பேன்.

உண்மை என்ன? நாலு ஏக்கர். மண் வெட்டினால் கறுப்பாக வரும். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு என்று ஒரு போகம் விடாமல் வைக்கிறார். வடுகபட்டிப் பூண்டுச் சந்தை வியாபாரிகள் அவர் வீட்டு அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கும் பூண்டைப் பார்க்கத் தேடி வருவார்கள். பஞ்சாயத்தில் வாய்க்கால் தகராறு என்றால் அவரைக் கூப்பிடாமல் பேச்சு எடுக்கமாட்டார்கள். ஓடு மாற்றி எட்டு வருஷமாகிறது, ஒரு சொட்டு ஒழுகாது.

“அப்பா, ஒழுகலையே! எதுக்குப்பா ஒழுகுதுன்னு சொன்னீங்க?”

“அதுக்காக? ஊரான்ட்ட போய் என் வீடு ஒழுகாதுன்னு சொல்லிக்கிட்டு இருப்பாகளா?”

3

வாசிக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் விளக்கி விளக்கியே பழகிவிட்டேன்.

எங்கள் மலையில் நிற்கிற பயிரை நல்ல பயிர் என்று சொந்தக்காரன் சொல்லமாட்டான். வியாபாரி வரப்பில் நின்று, “எப்படிண்ணே இருக்கு?” என்று கேட்டால், “என்னமோ நட்டேன், வந்தா வருது” என்பான். ‘பரவாயில்ல’ என்று ஒருவன் வாயிலிருந்து வந்துவிட்டால் அந்த வருஷம் அமோக விளைச்சல் என்று அர்த்தம். ஏதோ கெடக்கு என்று ஒருவர் சொன்னால் கேட்பவன் மனசுக்குள் நாலால் பெருக்கிக்கொள்வான். சொல்வது பாதி, கேட்பவன் போட்டுக்கொள்வது பாதி. “எனக்கு நாலு ஏக்கர் இருக்கு” என்று வாய்விட்டுச் சொல்பவனைத்தான் ஊர் சந்தேகப்படும். எதையோ விற்க வந்திருக்கிறான், இல்லாவிட்டால் பெண் கேட்க வந்திருக்கிறான் என்று பேசிக்கொள்வார்கள். கண்ணு படும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், தன்னைத் தானே சொல்லிக்கொள்வது அசிங்கம். நம்மைப் பற்றி நல்லதை அடுத்தவன்தான் சொல்ல வேண்டும்.

இங்கே அந்த அடுத்தவன் இல்லை. இங்கே கேட்பவர் பெருக்கமாட்டார். ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.

இனியா பிறந்த புதிதில் வீட்டுக்கு ஒரு தாதி வந்தார். குழந்தையைத் தூக்கி, “எவ்வளவு அழகு!” என்று கொஞ்சினார். எனக்குப் பக்கென்றது. “ஐயோ, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. நோஞ்சான். சுமாராகத்தான் இருக்கிறாள்” என்று அவசரமாகச் சொன்னேன். தாதியின் முகம் மாறிவிட்டது. எதையோ குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் வேறொரு அம்மாள் வந்து உட்கார்ந்து, குழந்தை பிறந்ததில் எனக்குச் சந்தோஷம்தானா, கோபம் வருகிறதா, தூக்கிக்கொள்ளப் பிடிக்கிறதா என்று முக்கால் மணி நேரம் விசாரித்தார். தூக்கிக்கொள்ளப் பிடிக்கிறதாவாம்! அந்தப் பிள்ளையைக் கீழேயே விடாமல் நான் ராப்பகலாகத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் தோள்பட்டை வலியெடுத்துக் கிடந்தேன். கண்ணேறு என்றால் என்னவென்று அந்த அம்மாளுக்கு விளக்க முயன்றேன். அதையும் குறித்துக்கொண்டார்.

4

வேலையிலும் இதே கூத்துதான். வருஷக் கடைசியில் ஒரு படிவம் தருவார்கள். இந்த வருஷம் நீ என்ன சாதித்தாய் என்று நீயே எழுத வேண்டும். ஏன், பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? ஒரு கோடைகாலத்தில் ஒரு பகுதித் தண்ணீரில் லேசான வாடை வந்தது. விடுமுறையில் தனியாகப் போய்த் தெருத்தெருவாகக் குழாய் திறந்து மோந்து பார்த்து, எந்த இடத்தில் கோளாறு என்று கண்டுபிடித்தவன் நான். படிவத்தில், ‘எல்லோரும் சேர்ந்து சரிசெய்தோம்’ என்று எழுதினேன். மேலதிகாரிக்கு எல்லாம் தெரியும், அவரே சொல்வார் என்று காத்திருந்தேன். அந்த வருஷம் பதவி உயர்வு என் பக்கத்து மேசைக்காரனுக்குப் போனது. தண்ணீரில் வாடை வந்த மாதம் அவன் பாதி நாள் விடுப்பில் இருந்தான்.

அதன்பிறகு கற்றுக்கொண்டேன். நான் செய்தேன், நான் கண்டுபிடித்தேன், நான் வழிநடத்தினேன். முதல் தடவை எழுதியபோது ஒவ்வொரு ‘நான்’ தட்டும்போதும் யாரோ பின்னால் நின்று எட்டிப்பார்ப்பதுபோல் கூசியது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் படித்துக் காட்டினேன். “உப்பு மொளகா சுத்திப் போடட்டுமாங்க?” என்றாள். சிரித்தோம். ஆனால் சுற்றித்தான் போட்டாள்.

வீட்டுக்குள் மட்டும் பழைய ஆள்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த விருந்தாளி, “பொண்ணு எப்படிப் படிக்கிறா?” என்று கேட்டார். அவள் வகுப்பில் முதல். “ஏதோ படிக்கிறா, பாப்போம்” என்றேன். இனியா தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். கதவைத் தட்டிப் போனால் கண் சிவந்து கிடக்கிறது.

“ஏன்ப்பா எல்லார்கிட்டயும் நான் சுமார்னு சொல்றீங்க? நான் என்ன செஞ்சா உங்களுக்குப் போதும்?”

போதாது என்று நான் எப்போது சொன்னேன்? ஊர் முழுக்கக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது, அதனால்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்பதை அவளுக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல எனக்கு எந்த மொழியிலும் வரவில்லை. அதை நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

5

விசா மறுத்த கதையைக் கேட்டதும் இனியா, “தாத்தாவோட லெட்டரை நான் எழுதறேன்” என்றாள். கல்லூரி விண்ணப்பத்துக்குத் தன்னைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதித் தேறியவள். அரை மணியில் முடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை, அங்கே சாயங்காலம். செல்வி கன்னிவாடியிலிருந்து மன்னவனூர் ஏறியிருந்தாள். அவள் போனைப் பிடித்துக்கொள்ள, அப்பா மாட்டுக்கொட்டகை வாசலில் குல்லாவோடு உட்கார்ந்திருந்தார். இனியா என் பக்கத்தில். அவள் எழுதியதை நான் தமிழாக்கிப் படித்தேன்.

“பல தலைமுறைகளாக மலைப்பூண்டு விளைவித்துவரும் புகழ்பெற்ற விவசாயி. ஊரில் பெரும் மதிப்புக்குரியவர். செழிப்பான நான்கு ஏக்கர் நிலத்தின் உரிமையாளர்…”

“யாருடா இவரு?” என்றார் அப்பா.

“நீங்கதாம்ப்பா.”

“நல்ல ஆளா இருக்காரே. அவரையே அனுப்பிவிட்ரு. எனக்குக் கொல்லையில சோலி கெடக்கு.”

செல்வி சிரித்த சிரிப்பில் போன் ஆடியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். முடியாது என்றார்.

“பூண்டு இன்னும் மண்ணுக்குள்ள கெடக்கு. எடுக்க மூணு வாரம் ஆகும். இப்பப் போய் செழிப்புங்குற. அதுல கையெழுத்து வேற போடணுமா?”

“ஒங்க வாயாலதாம்ப்பா கெட்டுது!” கத்திவிட்டேன். “ஏதோ கெடக்கு, ஏதோ கெடக்குன்னு சொல்லிச் சொல்லி! அவங்க நம்பிட்டாங்க. ஒங்க பேத்தி ஒங்களுக்கு எடம் போட்டு வச்சிருக்கா, அதுக்காகவாவது ஒரு தடவை உள்ளத உள்ளபடி சொன்னா என்ன கொறஞ்சு போகும்?”

அப்பா குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டார். மாட்டைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். செல்வி, “அண்ணே, எதுக்கு இப்பக் கத்துறீக” என்றாள்.

அப்போது இனியா போன் பக்கம் குனிந்தாள். அவளுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

“தாத்தா, நீங்க இங்க வந்தா திரும்பிப் போவீங்களா?”

அப்பா அவளை வினோதமாகப் பார்த்தார். “போகாம? வைகாசியில நடுறத ஆவணியில யாரு தாயி எடுப்பா? ஒங்கப்பனா?”

“அதுதான்! அதையே எழுதலாம்ப்பா!” இனியா குதித்தாள். புகழ்பெற்ற விவசாயியை அப்படியே அழித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து தட்டினாள். என்ன பயிர், எப்போது நடுவார், எப்போது எடுப்பார், எடுத்ததைக் கட்டிப் புகையில் தொங்கவிட யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கேட்டதற்கு மட்டும் அப்பா பதில் சொன்னார். ‘செழிப்பு’ போய்விட்டது, ‘புகழ்’ போய்விட்டது. நாலு ஏக்கர் மட்டும் நின்றது, அதுகூடப் பட்டாவில் இருப்பதுதானே என்று ஒத்துக்கொண்டார். இத்தனை வருஷம் நான் செய்ய முடியாததைப் பத்து நிமிஷத்தில் அவள் செய்துவிட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. வழக்கம்போல் சொல்லவில்லை.

கடைசி வரியைப் படித்தேன். “என் நிலமும் பயிரும் இங்கே இருப்பதால், நான் நிச்சயமாகத் திரும்பி வருவேன்.”

அப்பா அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, “இந்த வரிய நான் முந்தியே கேட்டிருக்கனே” என்றார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்காத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

“நீ படிக்கப் போகையில எழுதுனியே, அதுல இருந்துச்சு. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில வச்சு வாசிச்சுக் காமிச்ச. எங்கப்பாவுக்கு நாலு ஏக்கர் இருக்கு, நான் ஒரே மகன், படிச்சு முடிச்சுத் திரும்பி வந்து அதப் பாத்துக்கிருவேன்னு. எங்கையெழுத்தும் வேணும்ன. போட்டேன்.”

“அப்பா…”

“அன்னைக்கு எனக்குக் கூச்சமா இல்லடா. சந்தோசமா இருந்துச்சு. ரெண்டு நாளு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், எம்மகன் எழுதியே குடுத்துட்டான், வந்துருவான்னு.” குல்லாவைக் கழற்றித் தலையைத் தடவினார். “அந்த ஒருதடவதான் நான் வாய்விட்டுச் சொன்னது.”

“யப்பா, விடுங்கப்பா” என்றாள் செல்வி.

“நான் என்னத்தச் சொன்னேன்? எங்க போடணும்னு காட்டு. நான் எழுதிக் குடுத்தா அதும்படி வந்துருவேன்.”

6

கன்னிவாடியில் ஒரு கடையில் கடிதத்தை அச்செடுத்து, மறுபடி மலையேறி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கிச் செல்வி அனுப்பிவிட்டாள். பட்டா, சிட்டா, விஏஓ சான்று எல்லாம் இருக்கின்றன. வருகிற திங்கட்கிழமை நான் அனுப்ப வேண்டும். இந்தத் தடவை கிடைக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

என்னுடைய அந்தப் பழைய கடிதத்தை எனக்கு வரி வரியாக ஞாபகமிருக்கிறது. நாலு ஏக்கரை நன்றாக அலங்கரித்திருந்தேன். ஊரில் ஒருத்தர் விடாமல் படித்துக் காட்டினாலும் கூசியிருக்க மாட்டேன், அத்தனை வேகம் அன்றைக்கு. மேலே சொன்ன ‘நான், நான்’ எல்லாம் இங்கே வந்து கற்றதாக எழுதினேன் அல்லவா, அது பொய். முதல் பாடம் அந்த டீக்கடையிலேயே ஆகிவிட்டது. நான் எழுதியதை இந்த நாட்டு அதிகாரிகள் ஒரு கேள்வி கேட்காமல் நம்பினார்கள். எங்கப்பா எழுதியதை நம்பவில்லை.

போனை வைத்தபிறகு இனியா எழுந்து போகாமல் நின்றாள். அப்பா பேசியது முழுதும் அவளுக்குப் புரிந்திருக்காது என்று நினைத்தேன்.

“திரும்பிப் போவேன்னு நீங்க எழுதினீங்களா?”

“ஆமாம்மா.”

“அது பொய்யா?”

“எழுதினப்போ உண்மைதான்.”

“இப்போ?”

விசா அதிகாரி கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அப்பா ஒருநாளும் கேட்காத கேள்வி. வருஷா வருஷம் அந்தப் படிவத்தை நான்கு பக்கம் நிரப்புகிறவன் நான். பக்கத்திலிருந்த புட்டியை எடுத்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தேன்.

“ஒண்ணுமில்லம்மா. நீ போய்ப் படி” என்றேன்.

பிறந்ததிலிருந்து நான் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டு வந்தவள். முதல் தடவையாக நம்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.